வட இந்தியப் பெருங்கடலின் பழுப்புப் புகைமூட்டம்: மூலங்களும் பருவமழை மீதான தாக்கமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஆண்டுதோறும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்காசிய நிலப்பரப்பின் மீதும் அதை ஒட்டிய வட இந்தியப் பெருங்கடலின் மீதும் பழுப்பு நிறப் புகைமூட்டம் பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் வட இந்திய நகரம் ஒன்றிலிருந்து விமானத்தில் புறப்படுகிறவர்கள், மேலே ஏறிய சில நிமிடங்களில் மங்கலான காற்றைத் தாண்டித் தெளிந்த நீல வானத்துக்குள் நுழைவதையும், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரிவதையும் கவனித்திருப்பார்கள். அந்தப் படலம் கடலுக்கு மேலும் 3 கிலோமீட்டர் உயரம் வரை நீள்கிறது என்பதும், அதில் பெரும்பகுதி மனிதர்கள் எதையாவது எரிப்பதால் வருகிறது என்பதும், 1999ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் கள ஆய்வில்தான் நேரடி அளவீடுகளால் உறுதிப்பட்டன. இண்டோயெக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வும், அதன் தொடர்ச்சியாக மாலத்தீவிலும் இந்தியாவிலும் கால் நூற்றாண்டாக நடந்துவரும் அளவீடுகளும் இக்கட்டுரையின் பொருள்.

காற்றில் மிதக்கும் நுண்துகள்களாகிய ஏரோசால்கள் வெயிலைத் தடுத்துப் புவியைக் குளிர்விக்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உலகச் சராசரிக்கு அது பொருந்துகிறது: காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது மதிப்பீடு, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் ஏரோசால்களின் மொத்த விளைவு சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 வாட் குளிர்விப்பு என்கிறது. தெற்காசியாவில் அந்தச் சராசரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதே இந்த நிகழ்விலிருந்து நான் காணும் முதன்மையான செய்தி. இங்கே புகைமூட்டத்தின் அளவைக் காட்டிலும் அதற்குள் வெயிலை உறிஞ்சும் கரியின் பங்கு எவ்வளவு என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. அந்தப் பங்கோ எந்த அடுப்பில் எது எரிகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. மூலத்தைப் பற்றிய கேள்வியையும் காலநிலையைப் பற்றிய கேள்வியையும் இப்பகுதியில் தனித்தனியாக வைத்துக் கேட்க முடியாது.

களமும் கருவிகளும்

குளிர்காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இமயமலை வடக்கே சுவர்போல நிற்க, சிந்து-கங்கைச் சமவெளியின் மேல் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடக்கிறது. அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதால் புகை மேலேறிக் கலைய வழியில்லை. மழையும் இல்லை. துகள்கள் காற்றில் தங்கும் காலம் மழைப் பருவத்தில் மிகக் குறைவு; வறண்ட பருவத்தில் அது ஒரு வாரத்துக்கும் மேலாக நீளக்கூடும். அந்த அவகாசத்தில் வடகிழக்குக் காற்று அவற்றை வங்கக் கடல் வழியாகவும் இந்திய மேற்குக் கரை வழியாகவும் தெற்கே கொண்டுபோகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இரு அரைக்கோளங்களின் காற்றும் கூடி மேலெழும் மழைவளையத்தை அடையும்வரை அந்தப் பயணம் தொடர்கிறது.

இயற்கையே அமைத்துக் கொடுத்த ஆய்வுக்கூடம் இது. மழைவளையத்துக்கு வடக்கே தெற்காசியாவின் புகை. அதைத் தாண்டினால் தென் இந்தியப் பெருங்கடலின் ஏறக்குறைய மாசற்ற காற்று. ஒரே கடல், ஒரே வெயில், ஒரே வகை மேகங்கள். மாறுவது துகள்களின் அளவு மட்டுமே. இத்தகைய ஒப்பீடு கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகமில்லை என்பதால்தான் 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அந்தக் கடலுக்கு வந்தார்கள்.

ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வீ. ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோ கார்பன்கள் வலுவான பசுமைக்குடில் வாயுக்கள் என்பதை 1975இல் காட்டியவர். அவருடன் ஓசோன் ஆய்வுக்காக 1995ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் குருட்சனும், இந்தியத் தரப்பில் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ராவும் இருந்தார்கள். இந்திய ஆராய்ச்சிக் கப்பலான சாகர் கன்யா 1999க்கு முந்தைய ஆண்டுகளிலேயே இக்கடலில் முன்னோட்ட அளவீடுகளைச் செய்திருந்தது. 1999இல் அதனுடன் அமெரிக்காவின் ரொனால்ட் எச். பிரவுன் கப்பலும், பல நாடுகளின் ஆய்வு விமானங்களும், இதற்காகவே இந்தியப் பெருங்கடலின் மேலே நகர்த்தி நிறுத்தப்பட்ட மீட்டியோசாட்-5 செயற்கைக்கோளும் சேர்ந்துகொண்டன.

தரைநிலையமாக அமைந்தது மாலத்தீவின் காசிதூ தீவு. கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்கே 550 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சிறிய பவளத்தீவு அது. அங்கே தொழிற்சாலை கிடையாது, நெடுஞ்சாலை கிடையாது. அங்கே காற்றை வடிகட்டித் துகள்களைப் பிடிக்கும் வடிதாளில் கரி படிந்தால் அது எங்கிருந்தோ வந்த கரியாகத்தான் இருக்க முடியும்.

துகளுக்குள் இருந்தவை

வடிதாளில் கரி படிந்தது. காசிதூவில் சேகரித்த நுண்துகள்களின் எடையில் ஏறத்தாழ 32 சதவீதம் சல்பேட், 26 சதவீதம் கரிமச் சேர்மங்கள், 14 சதவீதம் கருங்கரி, 10 சதவீதம் மண்தூசு, 8 சதவீதம் அம்மோனியம், 5 சதவீதம் நிலக்கரிச் சாம்பல். விறகும் பயிர்த்தாளும் எரிவதற்கு அடையாளமான பொட்டாசியம் சுமார் 2 சதவீதம். துகள் சுமையில் மனிதச் செயல்களின் பங்கு 80 சதவீதம், கூட்டியோ குறைத்தோ 10 சதவீதம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நடுக்கடலில் கடலுப்பும் கடலுயிரிகள் வெளியிடும் கந்தகச் சேர்மங்களும்தான் முதலிடம் பெற வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலின் உண்மையான பொருள் விளங்கும். கருங்கரி தனித்தனி உருண்டைகளாக இருப்பதில்லை. எரியும் சுடரில் பிறக்கும்போது மிக நுண்ணிய மணிகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. நாட்கணக்கில் காற்றில் பயணம் செய்யும்போது அந்தச் சங்கிலி மடங்கிச் சுருண்டு, அதைச் சுற்றிச் சல்பேட்டும் கரிமச் சேர்மங்களும் உறைபோலப் படிகின்றன. சில துகள்களில் நிலக்கரி உலையிலிருந்து வந்த வழவழப்பான சாம்பல் உருண்டையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நெருப்புகளில் பிறந்தவை கடலுக்கு வரும்போது ஒரே துகளாகியிருக்கின்றன. இதில் ஒரு முக்கியமான இயற்பியல் அடங்கியிருக்கிறது: நிறமற்ற உறை ஒளியைக் கரியின் மேல் குவிப்பதால், உறையுள்ள கரி தனிக்கரியைக் காட்டிலும் அதிக வெயிலை உறிஞ்சுகிறது. எனவே சல்பேட்டைக் குளிர்விப்பான் என்றும் கரியைச் சூடாக்கி என்றும் பிரித்துப் பேசுவது பேச்சுக்கு வசதியே தவிர, காற்றில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

வெயிலின் கணக்கு

காற்றில் உள்ள துகள்கள் ஒளியை எவ்வளவு மறிக்கின்றன என்பதை ஒளியியல் தடிமன் என்னும் எண்ணால் குறிக்கிறோம். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்த எண் தெற்காசிய நிலப்பரப்பின் பெரும்பகுதியில் 0.5 அளவிலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் 0.2 வரையிலும் இருந்தது. 0.5 என்றால், சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது நேர்க்கதிரில் ஏறத்தாழ 39 சதவீதம் துகள்களில் பட்டு வழி மாறுகிறது என்று பொருள். வழி மாறியதில் பெரும்பகுதி சிதறிய ஒளியாகக் கீழேதான் வந்து சேர்கிறது. நண்பகலிலும் வானம் நீலமாக இல்லாமல் வெளிறித் தெரிவதற்குக் காரணம் அதுவே. எஞ்சியதில் ஒரு பகுதி விண்வெளிக்குத் திரும்புகிறது. மற்றொரு பகுதியைத் துகள்களே உறிஞ்சிக்கொள்கின்றன.

இந்த உறிஞ்சல்தான் தெற்காசியப் புகையை வேறுபடுத்துகிறது. துகள்கள் மறிக்கும் ஒளியில் சிதறும் பங்கு தூய சல்பேட்டில் ஏறக்குறைய முழுமையாக 1 ஆக இருக்கும். இங்கே நிலத்திலும் நடுக்கடலிலும் பல வேறு முறைகளில் அளந்தபோதும் அது 0.9 அளவிலேயே நின்றது. மறித்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு காற்றுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. சிறிய எண்ணாகத் தோன்றும் இந்தப் பத்தில் ஒரு பங்கின் விளைவு மிகப் பெரியது. மேகங்களின் மீதான விளைவையும் சேர்த்துப் பார்த்தபோது வட இந்தியப் பெருங்கடலின் பரப்பை அடையும் வெயில் அந்த மாதங்களில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 20 வாட் குறைந்திருந்தது. பிழை எல்லை 4 வாட். அதற்கு ஒப்பான பெரும் வெப்பம் காற்றுக்குள் தங்கியது. தாழ்ந்த காற்றடுக்கில் வெயிலால் ஏற்படும் சூடாக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. சதீஷும் ராமநாதனும் 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, தரையில் ஏற்படும் வெயில் குறைவு வளிமண்டலத்தின் உச்சியில் தெரிவதைப் போல மூன்று மடங்கு வரை இருக்கக்கூடும் என்று காட்டியது.

கார்பன் டை ஆக்சைடு இன்று உலக அளவில் ஏற்படுத்தும் சூடாக்கம் சதுர மீட்டருக்கு 2 வாட்டைச் சற்றே தாண்டுகிறது. அந்த எண்ணை இந்த 20 உடன் பக்கத்தில் வைத்து, புகைமூட்டம் பத்து மடங்கு பெரியது என்று எழுதும் வழக்கம் செய்திகளில் உண்டு. அது தவறான ஒப்பீடு. முன்னது உலகம் முழுவதும், ஆண்டு முழுவதும், வளிமண்டலத்தின் உச்சியில் கணக்கிடப்படுவது. பின்னது ஒரு வட்டாரத்தில், சில மாதங்களுக்கு, கடல்பரப்பில் அளக்கப்பட்டது. வளிமண்டல உச்சியில் பார்த்தால் புகைமூட்டத்தின் நிகர விளைவு மிகவும் சுருங்கிவிடும். ஆனால் மழை வளிமண்டல உச்சியில் தீர்மானமாவதில்லை. கடலிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறது, காற்று எந்த உயரத்தில் சூடாகி எவ்வளவு எளிதாக மேலெழுகிறது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. வெப்பம் தரையிலிருந்து காற்றுக்கு இடம் மாறினால், மொத்தம் மாறாவிட்டாலும் இவ்விரண்டும் மாறிவிடுகின்றன.

மேகங்களிலும் இரண்டு எதிரெதிர் விளைவுகள் பதிவாயின. புகை கலந்த மேகங்களில் நீர்த்துளிகளின் எண்ணிக்கை தெற்கேயுள்ள தூய மேகங்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காகவும், துளிகள் சிறியனவாகவும் இருந்தன. அதே நீர் அதிகத் துளிகளாகப் பங்கிடப்படுவதால் மேகம் வெளுக்கிறது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மழையாகத் திரளுவதும் தாமதமாகிறது. மறுபுறம், கரியால் சூடாகி வறளும் காற்று சிறு திரள்மேகங்களைப் பகலிலேயே கரைத்துவிடுவதை ஆண்ட்ரூ ஆக்கர்மனும் குழுவினரும் 2000இல் சயின்ஸ் இதழில் விளக்கினார்கள். முதலாவது குளிர்விக்கிறது, இரண்டாவது குளிர்விப்பைப் பறிக்கிறது.

புகை எந்த அடுப்பினுடையது?

இந்த நிகழ்வில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானதும், எனக்கு மிகவும் பாடம் தருவதாகத் தோன்றுவதும் இந்தக் கேள்விதான்.

கிராமத்து வீட்டில் மண்ணடுப்பு எரிவதைப் பாருங்கள். பற்றவைத்த முதல் சில நிமிடங்களுக்கு ஈர விறகிலிருந்து வெள்ளைப் புகை கிளம்புகிறது. அது பெரும்பாலும் எரியாத கரிமச் சேர்மங்கள். சுடர் பிடித்தபின் புகை குறைந்துவிட்டதுபோலத் தெரிகிறது. கருங்கரி பிறப்பது அப்போதுதான், அந்த மஞ்சள் சுடருக்குள்ளே. வறட்டி, சுள்ளி, பருத்திமார், தென்னமட்டை என்று எரிபொருள் மாற மாற இந்த விகிதமும் மாறுகிறது. அடுப்பின் வாய் அகலமும் ஊதுகுழலால் ஊதுகிற காற்றும்கூட மாற்றுகின்றன. கூரையின் அடிப்பக்கத்தில் பளபளப்பாகப் படியும் ஒட்டடைக்கரி இவையெல்லாவற்றின் கலவை. கோடிக்கணக்கான இத்தகைய அடுப்புகளை டீசல் லாரி, செங்கல் சூளை, அனல்மின் நிலையம், அறுவடைக்குப்பின் கொளுத்தப்படும் வயல் ஆகியவற்றோடு சேர்த்து, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ கரியை வெளியிடுகிறது என்று காகிதத்தில் கணக்கிடுவது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்தக் கணக்கைத் துணிந்து போட்டவர்களில் மும்பை ஐஐடியின் சந்திரா வெங்கட்ராமன் முக்கியமானவர். அவரும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு அடுப்புகளில் எரியும் விறகும் வறட்டியும் பயிர்க்கழிவுமே இந்தியாவின் கருங்கரி வெளியீட்டில் முதன்மை மூலம் என்றது. ஆனால் இண்டோயெக்ஸில் கிடைத்த துகள்களின் வேதிப்பொருள் விகிதங்களை வைத்துப் பார்த்தவர்கள் நேர்மாறான முடிவுக்கு வந்திருந்தார்கள்: கரிக்கும் சல்பேட்டுக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் நிலக்கரியையும் டீசலையும் சுட்டியது. மேலிருந்து பட்டியலிட்டுக் கூட்டினால் அடுப்பு. கீழே விழுந்ததை அலசினால் தொழிற்சாலையும் வண்டியும். இரு தரப்பும் நேர்மையான முறைகளையே கையாண்டன; இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை.

இதைத் தீர்க்க வந்தது கதிரியக்கக் கார்பன். மரமும் வைக்கோலும் அண்மைக்காலத்தில் காற்றிலிருந்து எடுத்த கார்பனைக் கொண்டவை. அதில் கார்பன்-14 இருக்கிறது. நிலக்கரியும் டீசலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்தவை. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கார்பன்-14 அவற்றில் எப்போதோ தீர்ந்துவிட்டது. வடிதாளில் படிந்த கரியில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால், எந்த அனுமானமும் இன்றி, உயிர்ப்பொருள் எவ்வளவு, புதைபடிவ எரிபொருள் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஓர்யான் குஸ்டாஃப்சனும் குழுவினரும் மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலும் மகாராஷ்டிரத்தின் சிங்ககட் குன்றிலும் குளிர்காலத்தில் சேகரித்த துகள்களை இவ்வாறு அளந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் கரிமத் துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்ப்பொருள் எரிவதால் வந்தது. கருங்கரியைப் பிரிக்கும் இரு முறைகளில் ஒன்றின்படி பாதியும், மற்றொன்றின்படி மூன்றில் இரண்டு பங்கும் உயிர்ப்பொருளிலிருந்து வந்தவை.

அடுப்பும் வயலும் பெரும் பங்கு வகிக்கின்றன. ஆனால் புதைபடிவ எரிபொருளின் பங்கும் மூன்றிலொன்றிலிருந்து பாதிவரை இருக்கிறது. ஏழைகளின் அடுப்பைக் காட்டித் தொழில்துறையையும் போக்குவரத்தையும் தப்பவிடவும் முடியாது. தொழிற்சாலையைக் காட்டி அடுப்பங்கரையில் நாள்தோறும் புகை விழுங்கும் பெண்களை மறக்கவும் முடியாது. இவ்வளவு தெளிவாகப் பொறுப்பைப் பங்கிட்ட அளவீடு இத்துறையில் அரிது.

உயிர்ப்பொருள் என்ற பகுப்புக்குள் சமையலறை விறகும், பஞ்சாப் வயலின் வைக்கோலும், காட்டுத்தீயும் ஒன்றாக அடங்கிவிடுவது இம்முறையின் எல்லை. போகி விடியலில் சென்னைத் தெருக்களில் எரியும் பழைய பாயும் உயிர்ப்பொருளே. அதனுடன் எரியும் டயரும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. ஒரே தெருமுனை நெருப்பே இரண்டு கணக்கிலும் பதிவாகிறது.

பருவமழைக்கு என்ன நேர்கிறது?

2002 ஆகஸ்டில், ஜோகன்னஸ்பர்க் உச்சி மாநாட்டுக்குச் சற்று முன்பாக, ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் ஆசியப் பழுப்பு மேகம் என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டபோது இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜெ. சீனிவாசனும் சுலோச்சனா காட்கிலும் கரண்ட் சயின்ஸ் இதழில் அறிக்கையின் முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். குளிர்காலத்தில் சில ஆண்டுகள் அளந்ததை வைத்துக் கோடை மழையைப் பற்றி உறுதியாகப் பேசலாமா என்பது நியாயமான அறிவியல் ஐயம். பின்னாளில் ஆசிய என்ற அடைமொழி நீக்கப்பட்டு, திட்டம் வளிமண்டலப் பழுப்பு மேகங்கள் என்று பெயர் மாறியது. இத்தகைய படலங்கள் மற்றக் கண்டங்களிலும் உண்டு என்பதால் அந்தத் திருத்தம் பொருத்தமானதே. எதிர்ப்பால் விளைந்த நன்மையாக, ஒரே ஒரு கள ஆய்வின் அளவீடுகள் என்ற நிலையிலிருந்து பல ஆண்டுத் தொடர் அளவீடுகளை நோக்கி ஆய்வு நகர்ந்தது.

வெயில் குறைந்துவருவது அந்த அளவீடுகளில் உறுதியாயிற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 12 நிலையங்களில் 1981 முதல் 2004 வரை பதிவானவற்றை ஆராய்ந்த பத்மா குமாரியும் குழுவினரும், தரையை அடையும் சூரியக் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 0.86 வாட் வீதம் குறைந்துவந்ததைக் கண்டார்கள். காற்று சூடாவதும் நேரடியாக அளக்கப்பட்டது. 2006 மார்ச்சில் ஹனிமாதூவிலிருந்து மூன்று சிறிய ஆளில்லா விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அரை கிலோமீட்டருக்கும் 3 கிலோமீட்டருக்கும் இடையே, பத்து வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் பறந்தன: ஒன்று படலத்துக்கு மேல், ஒன்று உள்ளே, ஒன்று கீழே. மேலே நுழையும் வெயிலிலிருந்து கீழே வெளிவருவதைக் கழித்தால் நடுவில் உறிஞ்சப்பட்டது கிடைத்துவிடும். 18 பறப்புகளின் முடிவு, பழுப்புப் படலம் தாழ்ந்த காற்றடுக்கின் வெயில் சூடாக்கத்தைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்பது. கணினி மாதிரிகளில் மட்டும் இருந்த ஓர் எண்ணை இவ்வளவு நேரடியாக வானத்தில் கழித்துப் பார்த்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மழைக்கு வரும்போது காரணச் சங்கிலி சிக்கலாகிறது. தென்மேற்குப் பருவமழை, கோடையில் நிலம் கடலைக் காட்டிலும் சூடாவதையும், வட இந்தியப் பெருங்கடல் தென்பகுதியைக் காட்டிலும் வெதுவெதுப்பாக இருப்பதையும் சார்ந்தது. புகை நிலத்தையும் வடகடலையும் நிழலிடுவதால் இவ்விரு வேறுபாடுகளும் மங்குகின்றன. கடலிலிருந்து ஆவியாகும் நீரும் குறைகிறது. ராமநாதன் குழுவின் 2005ஆம் ஆண்டு மாதிரிக் கணக்கு இந்த வழியில் பருவமழை தளர்வதைக் காட்டியது. இதற்கு நேரெதிராக, வில்லியம் லாவும் கிம்மும் 2006இல் வேறொரு வழியை முன்வைத்தார்கள்: ஏப்ரல், மே மாதங்களில் இமயச் சரிவுகளில் குவியும் கரியும் பாலைவனத் தூசும் உயரக் காற்றைச் சூடாக்கி, கடலிலிருந்து ஈரக்காற்றை முன்கூட்டியே இழுத்து, வட இந்தியாவில் மழைப் பருவத்தின் தொடக்கத்தை வலுப்படுத்தக்கூடும் என்பது அது. பொல்லாசினா, மிங், வெ. ராமசாமி ஆகியோர் 2011இல் சயின்ஸ் இதழில், இரு அரைக்கோளங்களுக்கு இடையிலான ஆற்றல் சமனின்மையை ஏரோசால்கள் மாற்றுவதே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மழை குறைந்ததற்கு முதன்மைக் காரணம் என்று காட்டினார்கள். வேகமாகச் சூடாகும் இந்தியப் பெருங்கடலே நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைக் குறைக்கிறது என்று 2015இல் ராக்சி மேத்யூ கோல் குழு வாதிட்டது. அந்தச் சூடாக்கம் பசுமைக்குடில் வாயுக்களின் வேலை.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ள வேண்டியதில்லை. பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப இவை ஒருங்கே நடக்கின்றன. 1951க்கும் 2015க்கும் இடையில் இந்தியாவின் ஜூன்-செப்டம்பர் மழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது என்றும், கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தக் குறைவு குறிப்பிடத்தக்கது என்றும் இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. ஏரோசால்களால் ஏற்பட்ட குளிர்விப்பு, பசுமைக்குடில் வாயுக்களால் கூடியிருக்க வேண்டிய மழையை மிஞ்சி அந்தக் குறைவை உண்டாக்கியது என்பதே ஆறாவது பன்னாட்டு மதிப்பீட்டின் நிலைப்பாடு. 2002க்குப் பின் வடக்கிலும் நடு இந்தியாவிலும் மழை ஓரளவு மீண்டிருக்கிறது. இவை அனைத்தும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றிய முடிவுகள். தமிழ்நாடும் இலங்கையின் கிழக்கு, வடக்குப் பகுதிகளும் நம்பியிருக்கும் வடகிழக்குப் பருவமழையின் இயக்கம் வேறு. இந்த எண்களை அப்படியே அதன்மேல் ஏற்றிப் பேசுவது பொருந்தாது.

2020இன் எதிர்பாராத சோதனை

மார்ச் 25, 2020 அன்று இந்தியாவில் பொதுமுடக்கம் தொடங்கியபோது, வண்டிகளும் ஆலைகளும் நின்றன; வீட்டு அடுப்புகள் நிற்கவில்லை. எந்த ஆய்வாளரும் திட்டமிட்டிருக்க முடியாத சோதனை அது. ஹனிமாதூ நிலையம் அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் துகள் சுமை சரிந்தது. காற்றில் நூற்றாண்டுகள் தங்கும் கார்பன் டை ஆக்சைடோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. வட இந்தியப் பெருங்கடலில் பரப்பை அடையும் வெயில் சுமார் 7 சதவீதம் கூடியது; துகள்களால் காற்று சூடாவது நாளுக்கு ஏறத்தாழ 0.4 பாகை குறைந்தது. துகள்கள் விலகியதால் வெளிப்பட்ட சூடாக்கம், தெற்காசியாவின் மேல் கார்பன் டை ஆக்சைடு ஏற்படுத்தும் சூடாக்கத்தில் முக்கால் பங்குக்கு ஒப்பானது என்று 2023இல் வெளியான பகுப்பாய்வு மதிப்பிட்டது.

புதைபடிவ எரிபொருள் நின்றால் முதலில் மறைவது சல்பேட். அது நமக்குத் தந்துவந்த நிழலும் அதோடு மறைகிறது. இதை வைத்து, மாசைக் குறைத்தால் வெப்பம் கூடும், ஆகவே கந்தகத்தை விட்டுவைக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அதே துகள்கள்தான் நுரையீரலுக்குள்ளும் போகின்றன; ஒரு வாரம் மட்டுமே நிற்கும் நிழலுக்காகக் கோடிக்கணக்கான மக்களை அந்தக் காற்றைச் சுவாசிக்கச் சொல்வதற்கு எந்தக் காலநிலைக் கணக்கும் நியாயம் ஆகாது. அளவீடுகள் சொல்வது வேறு: நிழல் விலகும் வேகத்துக்கு ஈடாகக் கரியும் விலக வேண்டும். அனல்மின் நிலையங்களின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்க இந்தியா 2015 டிசம்பரில் விதி வகுத்தது. அதன் கெடு பலமுறை தள்ளிப்போயிற்று. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டுசேர்த்தது. இரண்டாவது சிலிண்டரை வாங்க முடியாத வீடுகளில் விறகடுப்பும் பக்கத்திலேயே எரிகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் வெவ்வேறு கோப்புகளாக இருக்கின்றன. துகள்கள் மறிக்கும் ஒளியில் சிதறும் பங்கைக் காட்டும் 0.9 என்ற அந்த எண் கூடுமா குறையுமா என்பது, கந்தகம் நீக்கும் கருவி பொருத்தப்படும் அதே ஆண்டுகளில் மறுசிலிண்டர் விலையும், சூளைகளில் செங்கல்லைக் காற்றோட்டத்துக்கு ஏற்ப வளைவு வளைவாக அடுக்கும் முறையும், பழைய டீசல் லாரிகளின் கழிப்பும் எவ்வளவு தூரம் கூடவே நகர்கின்றன என்பதைப் பொறுத்தே அமையும். அந்த மாற்றத்தைக் காட்டக்கூடிய வடிதாள்கள் ஹனிமாதூவில் 2004 முதல் சேர்ந்துவருகின்றன.